அடுப்படிப் பக்கம்: எந்தப் பேணியால் அளந்தீர்கள்?



சென்ற இதழில் குளிர்காலத்தில் தோசை மாவைப் புளிக்க வைக்கும் விதம் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த சகோதரி ஒருவர் எம்மைக் கோயிலில் கண்டபோது ஒரு கேள்வி கேட்டார். அவர் குடும்பத்துடன் இங்கு வந்து சேர்ந்து ஆறு மாதங்கள்தான் ஆகின்றன. “ஒரு சுண்டு உழுந்து எண்டு எழுதியிருக்கிறியள். சுண்டுக்கு நான் இங்கை எங்கை போறது? கடையிலை வாங்கின கப் ஒண்டு கிடக்கு. குக்கரோடை வந்த கப் ஒண்டு கிடக்கு. ரெண்டும் ஒரே அளவில்லை. எதாலை அளக்கிறது?” என்றார்.

தோசைக்கு மட்டும் என்றால் பதில் சுலபம். உழுந்து ஒரு பங்கு, அரிசி இரண்டு பங்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். அது சுண்டாக இருந்தாலென்ன, தேத்தண்ணிக் கப்பாக இருந்தாலென்ன, தோசை தோசையாகவே வரும். ஆனால் எல்லாச் சமையலும் தோசை மாதிரி விட்டுக்கொடுப்பதில்லை. அந்தச் சகோதரியின் குழப்பம் ஒரு காலத்தில் எமக்கும் இருந்தது. அதனால் நாம் பட்ட மனவருத்தமும் கொஞ்சமல்ல. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தக் கதையை இம்முறை எழுதுகின்றோம்.

ஒரு ஆட்டத்திவசமும் அரியதரமும்

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தது 2001ஆம் ஆண்டு. மறு வருடம் ஊரில் எங்கள் ஐயா காலமானார். அகதி வழக்கு முடியாதிருந்தபடியால் கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கப் போக முடியவில்லை. கொள்ளி வைக்கவும் முடியவில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல, இதைப் படிக்கும் பல வீடுகளில் இதே கதை இருக்கும். ஆட்டத்திவசத்தையாவது இங்கு முறையாகச் செய்து, ஐயாவுக்கு விருப்பமானவற்றைச் சமைத்துப் படைப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஐயாவுக்கு அரியதரம் என்றால் உயிர். இங்குள்ள எமது கடைகளில் அதை வாங்கலாம்தான். ஆனால் அவருக்கென்று படைக்கும்போது அம்மா சுடும் அரியதரம் மாதிரி ஒன்றாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா சொன்னது இவ்வளவுதான்: “ஒரு கொத்து பச்சையரிசிக்கு ஒண்டரை இறாத்தல் சீனி. அரிசியை ஊறவிட்டு இடிச்சு அரிச்செடு. சீனியைப் பாணியாக் காய்ச்சி, பதம் வந்தவுடனை மாவைப் போட்டுக் கிளறி வை. அடுத்த நாள் தட்டிச் சுடு.”

எழுதி வைத்துக்கொண்டோம். ஒரு கொத்து என்றால் நான்கு சுண்டு என்பது தெரியும். சுண்டு எங்களிடம் இல்லை. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் இருந்தது. பார்வைக்கு அது ஊர்ச் சுண்டு மாதிரியே தெரிந்தது. அதனால் நான்கு முறை அளந்து அரிசியை ஊறவிட்டோம். சீனிக்கோ எந்தச் சிக்கலும் இல்லை. இங்கு கடைகளில் இறாத்தல் கணக்கு இன்னும் இருக்கிறது. ஒரு இறாத்தல் 454 கிராம், ஆகவே ஒன்றரை இறாத்தல் 680 கிராம். தராசில் சரியாக நிறுத்துப் போட்டோம்.

கிளறும்போதே மா சற்றுத் தளர்வாக இருந்தது. இரவிருந்தால் இறுகிவிடும் என்று நம்பினோம். விடிந்ததும் குளித்து, எண்ணெய்ச் சட்டியை வைத்து, முதலாவதைத் தட்டிப் போட்டோம். அது எண்ணெயில் விழுந்ததும் நுரைத்துப் பிரிந்து காணாமற் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதோடு அடுப்பை நிறுத்திவிட்டோம். ஐயர் வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. கடைசியில் கடையில் வாங்கிய அரியதரத்தைத்தான் ஐயாவின் படத்துக்கு முன் வைத்தோம். தகப்பனுக்குச் செய்ய முடியாத எல்லாவற்றோடும் இதுவும் சேர்ந்துகொண்டதே என்று அன்று வீட்டில் அழாதவர் இல்லை.

பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எந்தப் பேணியாலை அளந்தனீங்கள்?”

சுண்டு ஒன்றல்ல

எமது வீடுகளில் சுண்டு என்பது கடையில் முத்திரை குத்தி விற்ற அளவைக் கருவி அல்ல. பெரும்பாலும் ஐம்பது சிகரட் வந்த வட்ட ரின், அல்லது ரின்பால் பேணி. மேல்மூடியை வெட்டி, விளிம்பைத் தட்டி மழுக்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டால் அதுதான் அந்த வீட்டுச் சுண்டு. சிகரட் ரின்னும் ரின்பால் பேணியும் ஒரே அளவல்ல. அதைவிட, ஒருவர் விளிம்போடு தட்டி அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். நான்கு சுண்டு ஒரு கொத்து என்ற வாய்பாடு எல்லா வீட்டிலும் ஒன்று. பேணி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

அரசாங்கக் கணக்கில் கொத்துக்கு ஒரு நிலையான நிறை இருந்தது. கூப்பன் அரிசிக் காலத்தில் ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல். அந்தக் கொத்து நாட்டையே ஆட்டி வைத்ததும் உண்டு. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். அவ்வருடம் ஆகஸ்ட் 12ஆம் திகதி பெரும் ஹர்த்தால் நடந்தது. அதன் பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கொத்தைக் கடையில் அளக்கும்போது அதற்கு விலையும் சட்டமும் இருந்தன. அதே அரிசி வீட்டுக்கு வந்த பின் அளந்தது ரின்பால் பேணிதான்.

எமது அம்மாவின் சுண்டுக்கும் ஒரு கதை இருந்தது. அப்பாச்சி காலத்துச் சிகரட் ரின் ஒன்றைத்தான் அம்மா நெடுங்காலம் பாவித்து வந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எடுத்தது பாதி எடுக்காதது பாதியாக எல்லோரும் வெளிக்கிட்டார்கள். சுண்டு அரிசிப் பானையோடு வீட்டிலேயே கிடந்தது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது பானையும் இல்லை, சுண்டும் இல்லை. சாவகச்சேரியில் இருந்த நாட்களில் வெட்டி எடுத்த ரின்பால் பேணியே அதன் பிறகு அம்மாவின் சுண்டாயிற்று.

இதை நாங்கள் அறிந்தது அன்றைய தொலைபேசிப் பேச்சில்தான். “பழைய சுண்டு சின்னன். இந்தப் பேணி வந்தாப்பிறகு சீனியை ஒரு பிடி கூட்டிப் போடுறனான்” என்றார் அம்மா. எங்களுக்குச் செய்முறை சொன்னபோது அந்தப் பிடியை அவர் சொல்லவில்லை. மறைத்தார் என்பதல்ல. அவருடைய கை அதை அறிந்திருந்தது, வாய்க்கு அது வரவில்லை. செய்யும்போது கை போடும், சொல்லும்போது அது விட்டுப்போகும்.

பிறகு பேணியின் அளவை அறிய அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. குழந்தைகளின் பால்போத்தலில் மில்லிலீற்றர் கோடுகள் இருக்குமல்லவா? பேணி நிறையத் தண்ணீர் எடுத்து அந்தப் போத்தலில் ஊற்றிப் பார்த்தார். ஒரு முறை 240, மிச்சம் 60. ஆக அம்மாவின் சுண்டு 300 மில்லிலீற்றர். கொத்து 1,200 மில்லிலீற்றர். எங்கள் குக்கர் கப்போ 180. நான்கு முறை அளந்தாலும் 720தான். கொத்தில் ஐந்தில் மூன்று பங்கு அரிசியை வைத்துக்கொண்டு முழுக் கொத்துக்குரிய சீனியைக் கொட்டியிருக்கிறோம்! சீனி மிஞ்சினால் அரியதரம் எண்ணெயில் பிரிந்து போகும் என்பது ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விடயம்.

இங்கிருந்துதான் நாம் ஒரு பாடம் படித்தோம். எல்லாப் பொருளையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும் செய்முறை கடல் கடந்தும் வரும். ஒரு பொருளைப் பேணியாலும் இன்னொன்றை இறாத்தலாலும் மற்றொன்றைப் போத்தலாலும் அளக்கும் செய்முறை, அந்தப் பேணி இல்லாமல் வராது.

நாங்கள் மட்டுமல்ல

“எங்கடை ஆக்களுக்கு ஒரு ஒழுங்கான அளவே இல்லை” என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. இது சரியல்ல என்பது எமது எண்ணம். அளவு பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறுவது உலகம் முழுவதும் இருந்த சங்கதி. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் நெல்லுக்கும் அரிசிக்கும் கணக்குச் சொல்லும்போது, எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் சொல்கின்றன. இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்கால் என்று பெயர் குறிக்கின்றன. வெறும் மரக்கால் என்றால் போதாது என்பது ஆயிரம் வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா கேட்ட கேள்விக்குக் கல்லில் வெட்டிய பதில் அது.

தமிழ்நாட்டில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று வாய்பாடு. ஆனால் பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் படி மாறிற்று. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ போன்ற நூல்கள் எழுதப்பட்ட காலம் ஆழாக்கும் பலமும் புழங்கிய காலம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே இந்தியா முழுவதும் கிலோவும் லீற்றரும் வந்தன. ஆகவே பழைய சமையற் புத்தகம் ஒன்று கையிலிருந்தால், முதலில் அதன் அளவை அட்டவணையைப் பாருங்கள். இன்னொன்று: இந்தியப் புத்தகங்களில் ‘ஒரு கோப்பை’ என்றால் கப். எங்கள் வீட்டிலோ கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது! எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு கோப்பை ரவைக்குச் சோற்றுக் கோப்பையைத் தூக்கிய கதையும் உண்டு.

வெள்ளைக்காரர்களின் அடுப்படியும் இப்படித்தான் இருந்தது. ஒரு முட்டையளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கிண்ணம் மா என்றுதான் அவர்களும் எழுதினார்கள். 1896இல் அமெரிக்காவின் பொஸ்ரன் சமையற் பள்ளியைச் சேர்ந்த ஃபனி ஃபார்மர் என்ற அம்மையார் எழுதிய புத்தகம்தான், கப்பையும் கரண்டியையும் விளிம்போடு மட்டமாகத் தட்டி அளக்கும் வழக்கத்தை அங்கு பரப்பியது. எமது தேசிக்காயளவு பழப்புளிக்கும் அவர்களின் முட்டையளவு வெண்ணெய்க்கும் அதிக தூரமில்லை.

இந்த நாடுகளிலும் குழப்பம் உண்டு

இங்கு வந்தால் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இன்று கப் என்றால் 250 மில்லிலீற்றர். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237. கனடாவின் பழைய புத்தகங்களில் உள்ள கப்போ 227. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. பிரித்தானியாவின் பைந்து 568 மில்லிலீற்றர், அமெரிக்காவினது 473. லண்டனில் இறாத்தல் 454 கிராம். ஜேர்மனியில் சந்தையில் ஒரு ‘ஃபுண்ட்’ தாருங்கள் என்றால் 500 கிராம் தருவார்கள். நோர்வேயிலும் சுவீடனிலும் சமையற் குறிப்புகள் டெசிலீற்றரில் இருக்கும். ஒரு டெசிலீற்றர் 100 மில்லிலீற்றர்.

உறவினர் பல நாடுகளிலும் சிதறியிருக்கும் எம்மவருக்கு இது மிகவும் தேவையான செய்தி. மெல்பேர்னில் இருக்கும் மச்சாள் அனுப்பும் குறிப்பில் மூன்று மேசைக்கரண்டி என்றால், அது எமக்கு நான்கு. மிளகாய்த்தூள் விடயத்தில் அந்த ஒரு கரண்டி சும்மாவா?

ரைஸ் குக்கர் கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 180 மில்லிலீற்றர் அளவு ஜப்பானில் அரிசி அளந்த ‘கோ’ என்னும் பழைய அளவு. குக்கர் ஜப்பானில் பிறந்தது, தன் ஊர்ச் சுண்டையும் கையோடு கொண்டுவந்துவிட்டது! பானையின் உட்புறத்தில் உள்ள கோடுகளும் அந்தக் கப்புக்கே உரியவை. கப்பைத் தொலைத்துவிட்டு 250 மில்லிலீற்றர் கப்பால் அரிசி போட்டு, தண்ணீரை மட்டும் கோட்டுக்கு விட்டால் சோறு நறுக்கரிசியாகவே இருக்கும். குக்கர் வாங்கினால் கப்பைக் கவனமாக வைத்திருங்கள்.

விரலை அரிசி மேல் வைத்து ஒரு விரற்கட்டைக்குத் தண்ணீர் விடுவது எமது பழைய வழக்கம். சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. சோறாகும்போது அரிசி உறிஞ்சும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. ஆவியாகப் போகும் தண்ணீரோ பானையின் வாயகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசியை இரட்டித்தால் ஆவியாகும் தண்ணீர் இரட்டிப்பதில்லை. ஆகவே ஒரு பானைக்குப் பழகிய விரல், அதே பானையில் அரிசி கூடினாலும் குறைந்தாலும் அநேகமாகப் பிழைக்காது. பானை மாறினால் விரலும் புதிதாகப் படிக்க வேண்டும்.

கைப்பதம் உதவாத இடங்கள்

கறிக்கு உப்பு ஒரு நுள்ளு கூடினால் தேசிக்காய் பிழிந்து சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத இடங்கள் இரண்டு இருக்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து இதனைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது பாணி மருந்து. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் தரும் பாணி மருந்தில் ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர் என்றே பொருள். வீட்டில் தேத்தண்ணி கலக்கும் கரண்டி அந்த அளவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்று சிறிதாக இருக்கும், இன்னொன்று பெரிதாக இருக்கும். அதிலும் சிறு கரண்டிக்குப் பதிலாக மேசைக்கரண்டியை எடுத்தால் மருந்து மூன்று மடங்காகிவிடும். காய்ச்சல் மருந்தான பரசிற்றமோல் அளவு மிஞ்சினால் ஈரலையே பாதிக்கும். மருந்தோடு வரும் சிறிய கிண்ணத்தால் அல்லது ஊசியில்லாத குழாயால் மட்டுமே அளவுங்கள். அது இல்லாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். மொழி தெரியாவிட்டால் போத்தலைக் கையில் கொண்டுபோய் அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தைப் பால்மா. பேணிக்குள் கிடக்கும் கரண்டி அந்தப் பேணிக்கு மட்டுமே உரியது. பிரித்தானியாவில் விற்கும் மாக்களில் பொதுவாக 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. வட அமெரிக்காவில் விற்கும் பலவற்றில் 60 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி. லண்டனில் இருக்கும் அக்கா சொன்ன கணக்கில் ரொறன்ரோவில் மா கரைத்தால் பால் இரண்டு மடங்கு தடிப்பாகிக் குழந்தையின் உடம்பில் நீர் வற்றும். மாறிச் செய்தால் குழந்தைக்கு ஊட்டம் போதாது. மா மிச்சம் பிடிக்கவென்று தண்ணீரைக் கூட்டுவதும் ஆபத்து. ஒவ்வொரு புதுப் பேணிக்கும் அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள், பழைய கரண்டியைப் புதுப் பேணிக்குள் போடாதீர்கள்.

அம்மாவின் கையை எழுதி வையுங்கள்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஊரிலிருக்கும் அம்மாவிடம், மாமியிடம், பெரியம்மாவிடம் செய்முறை கேட்பவர்கள் “எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். “எதனால் அளக்கிறீர்கள்?” என்று கேட்பதில்லை. நாங்கள் பட்ட பாட்டிலிருந்து சில வழிகளைத் தருகின்றோம்.

1. முதலில் பேணியைக் கேளுங்கள். சுண்டா, கப்பா, சிரட்டையா, எந்தச் சாமான் வந்த பேணி என்று கேட்டு எழுதுங்கள். தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதையும் கேளுங்கள்.

2. அந்தப் பேணி கொள்ளும் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். பால்போத்தல் இருந்தால் அதில் ஊற்றலாம். தராசு இருந்தால் தண்ணீரை நிறுக்கலாம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலீற்றர் என்பதால் கணக்கு சுலபம்.

3. எண்ணெய்க்கும் பாலுக்கும் போத்தல் கணக்குச் சொன்னால், ஊரில் போத்தல் என்பது 750 மில்லிலீற்றர் என்பதை நினைவில் வையுங்கள். கால் போத்தல் என்றால் 190 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு.

4. பிடி, நுள்ளு, தேசிக்காயளவு என்பவற்றை ஒரு முறையாவது நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்குள்ள தேசிக்காய் ஊர்த் தேசிக்காயைவிடப் பெரிதாகவும் இருக்கும். கட்டியாக அமுக்கி வரும் புளியும் ஊர்ப் பழப்புளியும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாகிவிடாது.

5. அவர்கள் இங்கு வந்திருந்தால் இன்னும் நல்லது. சமைக்கும்போது பக்கத்தில் தராசை வைத்து, பிடியைச் சட்டிக்குள் போடுவதற்கு முன் தராசில் போடச் சொல்லுங்கள். முதல் நாள் சினப்பார்கள். “எனக்கு என்ன சோதினையே வைக்கிறியள்?” என்பார்கள். இரண்டாம் நாள் தாங்களே தராசைத் தேடுவார்கள்.

6. எழுதிய தாளில் யாருடைய கை, எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் எழுதுங்கள். பிறகு வரும் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தாளில் எழுத முடியாது. பாணியின் பதம், மா வறுபடும் மணம், தூள் கருகுவதற்கு முந்திய நிறம், இவற்றைக் கண்ணும் மூக்கும்தான் படிக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பதத்தைப் படிக்க வாய்ப்புக் கிடைக்கும். அளவே பிழைத்தால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அன்று எண்ணெயில் கரைந்த அரியதரத்தைப் பார்த்து நாங்கள் பாணிப்பதம் பிழை என்றே நினைத்தோம். பாணியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆட்டத்திவசத்துக்கு மறுபடியும் செய்தோம். இம்முறை 1,200 மில்லிலீற்றர் அரிசி, ஒன்றரை இறாத்தல் சீனி, அதன் மேல் அம்மாவின் ஒரு பிடி. அந்தப் பிடியை அம்மா பக்கத்துக் கடைத் தராசில் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஏறக்குறைய 60 கிராம். முதலாவது அரியதரம் எண்ணெயில் மூழ்கி மெல்ல மேலே வந்து, விளிம்பு சிவந்து, முழுதாக நின்றது. ஐயாவின் படத்துக்கு முன் அதை வைத்தபோது எங்கள் மனதிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

அம்மாவும் இப்போது இல்லை. ரின்பால் பேணி என்னவாயிற்று என்று தெரியாது. ஆனால் எங்கள் சமையற் கொப்பியில் ‘அம்மாவின் சுண்டு 300, அம்மாவின் பிடி 60’ என்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். அவர்களுடைய கை அப்பம்மாவின் கையைவிடப் பெரிது. அதனால் பிடியால் போடாமல் தராசால் போடுகிறார்கள். அது பரவாயில்லை.

கோயிலில் கேட்ட சகோதரிக்கும், அவரைப் போல் புதிதாக வந்திருக்கும் எல்லோருக்கும் எமது பதில் இதுதான். சுண்டைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் ஒரு பேணியை அல்லது கப்பைத் தெரிந்தெடுத்து, அது எத்தனை மில்லிலீற்றர் என்று ஒரு முறை அளந்து, அடியில் எழுதி ஒட்டி, இனி அதுவே எங்கள் சுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவே ஊருக்கு அழைத்து, உங்கள் அம்மாவின் பேணியையும் கேட்டு எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுச் சுண்டு எத்தனை மில்லிலீற்றர்? மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலைநாட்டிலும் நீங்கள் அளந்த பேணிகள் எவை? எமக்கு எழுதுங்கள். கிடைப்பவற்றைத் தொகுத்து அடுத்த இதழில் ஒரு அட்டவணையாகத் தருவோம். மீண்டும் சந்திப்போம்.